கண் மூடிய சாட்சிகள்

அத்தியாயம் 9

"இந்த நாற்காலி உண்மையிலேயே இருக்கிறதா?" என்று மேடையிலிருந்த பேராசிரியர் கேட்டார்.

கேட்டவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நாற்காலியைவிட்டு அசையவே இல்லை. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற ஒரு பொருளின் மேல் இவ்வளவு நம்பிக்கையோடு ஒரு மனிதர் உட்கார்ந்து குணபூசணி பார்த்ததில்லை. கடைசி வரிசையில் இருந்த அவள் கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அவளுடைய உதவியாளன் பக்கிரிசாமி மறைக்கவில்லை.

"இல்லேன்னு முடிவாச்சுன்னா சொல்லுங்கக்கா," என்றான் அவன். "லோரியைக் கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போயிடறேன். இல்லாத சாமானைத் தூக்கினா யாரு கேஸ் போடுவா?"

பக்கிரிசாமி ஒரு காலத்தில் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவன். வாய் அடங்காததால் முதலாளி மாற்றி முதலாளி மாறி, கடைசியில் குணபூசணியிடம் வந்து ஒட்டிக்கொண்டான். அவளோ கோலாலம்பூர் நீதிமன்றத்தில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து, மூன்று மொழியில் பொய் கேட்டுக் கேட்டு அலுத்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். பொய் சொல்கிறவர்களை அவள் வெறுப்பதில்லை. பொய்க்கு உரை எழுதுகிறவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. இந்தத் தத்துவ ஆய்வு மாநாட்டில் அப்படிப்பட்டவர்கள் நாற்பது பேர் ஒரே கூரையின் கீழ் கூடியிருந்தார்கள்.

நடந்தது இதுதான். நேற்று மாலை இதே மண்டபத்தின் பின்படிக்கட்டு அடியில் பேராசிரியர் சிவசம்பு மண்டை உடைந்து கிடந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போலக் கீழ் அறையில் சற்றுப் படுத்துவிட்டு அந்தப் படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறி வந்தவர். தானாக விழவில்லை. அவர் சட்டைப் பொத்தான்கள் பிய்ந்து மேல்படியில் கிடந்தன. யாரோ மார்புச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். இப்போது பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார்.

மாநாட்டை நிறுத்தினார்களா என்றால் அதெல்லாம் இல்லை. இன்று காலை எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். பிறகு உட்கார்ந்து வடை சாப்பிட்டார்கள். பிறகு நாற்காலி இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

போலீஸ் பிடித்து வைத்திருப்பது மார்க்கிரட் என்ற இளம் விரிவுரையாளரை. சிவசம்புவின் மாணவி. பெரியவரை எழுப்பி அழைத்துவரப் போனேன், விழுந்து கிடந்தார் என்கிறாள். பார்த்தவர்கள் சொல்வது, அவள் அவர் பக்கத்தில் கையெல்லாம் ரத்தமாக மண்டியிட்டு இருந்தாள் என்று. அன்று காலை இருவரும் குரல் உயர்த்திச் சண்டை போட்டதையும் பலர் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நேரத்தில் மண்டபத்துக்குள் இல்லாத ஒரே ஆள் அவள்தான். மற்ற அத்தனை பேரும் உள்ளே உட்கார்ந்து பேராசிரியர் முத்துக்குமாருவின் உரையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாளைக் காலையில் அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாக இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் சொல்லிவிட்டார். அவளுடைய அம்மா கிள்ளானிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, தையல் கடை மாடியில் உட்கார்ந்து வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுதாள். இன்று மாலை மாநாடு முடிந்ததும் சென்னைக்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் சுபாங் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் ஏதாவது கண்டுபிடித்தால் உண்டு. இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை அவ்வளவுதான்.

சண்டை எதற்கு என்று குணபூசணி லாக்கப்பில் வைத்தே மார்க்கிரட்டிடம் கேட்டுவிட்டாள். முத்துக்குமாருவுக்குப் பேரும் பதவியும் வாங்கிக்கொடுத்த புத்தகம், சிவசம்பு பல வருடங்களாக வகுப்பில் சொன்ன பாடம். அதை நிறைவுக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்லப்போவதாகப் பெரியவர் கிளம்பியிருந்தார். "வேண்டாம் சார், என் வேலையை நிரந்தரம் பண்றதே அவர் கையிலதான் இருக்கு," என்று மார்க்கிரட் கெஞ்சியிருக்கிறாள். பெரியவர் மசியவில்லை. முத்துக்குமாருவிடமும் நேரில் சொல்லி வைத்திருந்தாராம்.

ஆக, பெரியவரின் வாயை அடைக்க ஆசைப்பட்ட ஆள் யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. ஆனால் அந்த ஆள் அப்போது மேடையில் பேசிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் நாற்பது பேர்.

"மார்க்கிரட்டோட கட்டுரை இன்னிக்கு மத்தியானம் வாசிக்க வேண்டியதாம்," என்று பக்கிரிசாமி நிகழ்ச்சி நிரலை நீட்டினான். 'செய்யாமல் விடுவதும் ஒரு செயலா?' என்ற தலைப்பின் மேல் யாரோ பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள். கோடு நேராக இருந்தது. அளவுகோல் வைத்துப் போட்டிருப்பார்கள் போலும்.

முத்துக்குமாரு பக்கத்து அறையில் அவளைச் சந்திக்கச் சம்மதித்தார். சாம்பல் நிற சஃபாரி சூட்டு, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. தேநீர்க் கோப்பையை விரல் நுனியில் பிடித்திருந்த விதத்திலேயே, தான் ஒரு பெரிய மனிதர் என்பதை அவர் தினமும் தனக்கே ஞாபகப்படுத்திக்கொள்கிறார் என்று தெரிந்தது.

நேற்றைய உரையைப் பற்றி அவரே உற்சாகமாகச் சொன்னார். பார்ப்பவன் இல்லாதபோது பொருள் உண்டா என்பது தலைப்பு. வாதத்தைச் சபை அனுபவித்தே உணர வேண்டும் என்று விளக்குகளை மங்கவைத்து, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லியிருக்கிறார். 'என் குரல் மட்டும் கேட்கிறது. நான் இருக்கிறேன் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?' என்று கேட்டு, கண் மூடிய சபையிடம் அரை மணி நேரத்துக்கு மேல் பேசினாராம். அது முடிந்து விளக்கைப் போட்டபோது எல்லாரும் கைதட்டினார்களாம்.

"நாப்பது பேரு மிஸ் குணபூசணி," என்றார். "அத்தனையும் படிச்சவங்க. எல்லாரும் என் குரலைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இதுக்கு மேல என்ன எவிடென்ஸ் வேணும்? எனக்கு அந்தப் பொண்ணை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. கெட்டிக்காரிதான், ஆனா..."

பின் தெருவிலிருந்த சூராவ் என்ற சிறு தொழுகைக் கூடத்தின் ஒலிபெருக்கியில் மாலைத் தொழுகைக்கான பாங்கு எழுந்தது. முத்துக்குமாரு சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அப்படியே நிறுத்தினார். கோப்பையைச் சத்தமில்லாமல் சாஸரில் வைத்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு பாங்கு முடியும்வரை வாய் திறக்கவில்லை. முடிந்ததும், விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

"...ஆனா கொஞ்சம் படபடப்புக்காரி."

"நல்ல பழக்கம் சார்," என்றாள் குணபூசணி. உண்மையாகவே சொன்னாள். அந்த மனிதரிடம் அவள் கண்ட ஒரே நல்ல பழக்கம் அது.

"இந்த நாட்ல மேடை ஏறின நாள்லேருந்து இப்படித்தான். பாங்கு கேட்டா வாய் தானா நின்னுடும். கிளாஸ்லயும் அப்படித்தான். மரியாதை லா."

"நேத்து உரை நடுவுல பாங்கு வந்தப்பவும் நிப்பாட்டினீங்களா?"

"பின்னே? எங்க இருந்தாலும் நிப்பாட்டுவேன்," என்றார் முத்துக்குமாரு. தன்னைப் பற்றி நல்லதாக ஒரு கேள்வி கேட்கப்பட்டதில் அவருக்கு மகிழ்ச்சி. குணபூசணி நன்றி சொல்லி எழுந்துகொண்டாள். அப்போது அவள் மனதில் பெரிதாக ஒன்றும் ஓடவில்லை.

தேநீர் இடைவேளையில் வடைத் தட்டைச் சுற்றி நல்ல கூட்டம். உலகம் மாயை என்று காலையில் அடித்துச் சொன்னவர் மூன்றாவது வடையை எடுத்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் நாகையாவைக் குணபூசணி பேச்சுக்கு இழுத்தாள். இழுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. யாராவது காது கொடுத்தால் போதும் என்று காத்திருந்த மனிதர் அவர்.

முத்துக்குமாருவின் உரை எப்படி என்று கேட்டதற்கு, கருத்து பிரமாதம், ஆனால் பாதி காதில் விழவில்லை என்று குறைப்பட்டார். "வெளியிலே தொழுகைக்குக் கூப்பிடறாங்க. இவர் பாட்டுக்கு அது மேலேயே பேசிட்டுப் போறார். ரெண்டு குரலும் கலந்து ஒண்ணுமே புரியலை. இதிலே இந்த சிங்கப்பூர் தம்புசாமி வேற முன்வரிசையிலே மூக்குக் கண்ணாடி வாய்க்கு இறங்கி வர்ற மாதிரி உட்கார்ந்து தூக்கம். என்ன மாநாடோ போங்க."

"கொஞ்சம்கூட நிப்பாட்டலையா சார்?"

"ஒரு மூச்சுகூட விடலைங்கறேன்."

குணபூசணி கையிலிருந்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். பக்கிரிசாமியை முழங்கையால் இடித்து வெளியே அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"அந்த ஆளு நிப்பாட்டினேன்னு சொல்றாரு. இவரு நிப்பாட்டலைங்கறாரு. நம்ம ஊர்ல டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுசன் பேசினாலும் நிப்பாட்டுவாரு, சீன முதலாளி டவுக்கே கடையில ஏலம் போட்டாலும் நிப்பாட்டுவான். பாங்கு கேட்டும் தன் பாட்டுக்குப் பேசறது கேசட்டு ஒண்ணுதான்கா. அதுக்குத்தான் காது கிடையாது."

சொல்லிவிட்டு அவனே வாயைப் பிளந்தான். குணபூசணி சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு.

இருவரும் ஆளில்லாத மேடைக்கு ஏறினார்கள். பேச்சு மேசைக்கு அடியில், ஒலிபெருக்கிப் பெட்டியோடு சேர்த்து ஒரு கேசட் பிளேயர் இருந்தது. மாநாட்டின் முதல் நாள் காலையில் தேவாரம் போட்டது அதில்தான். இன்று தேவாரம் போடவில்லை, கேசட்டைக் காணவில்லை என்று செயலாளர் புலம்பிக்கொண்டிருந்தார். அந்தக் கேசட் திரைச்சீலை மடிப்புக்குள் செருகிக் கிடந்ததைப் பக்கிரிசாமி எடுத்தான். யாரோ அவசரத்தில் அதை உருவிவிட்டு வேறொன்றைப் போட்டிருக்கிறார்கள். மேடையின் பக்கவாட்டுக் கதவு இரண்டடி தள்ளித்தான் இருந்தது. கதவைத் திறந்தால் பின்படிக்கட்டு.

எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். குரல் வழக்கம்போலப் பெட்டியிலிருந்து வருகிறது. ஆள் எழுந்து போய் வரலாம். மேசை நிஜமா, நாற்காலி நிஜமா என்று உயிரை விடுகிற நாற்பது பேரில், குரல் வருகிற இடத்தில் ஆள் இருக்கிறாரா என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் மண்டப வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. குணபூசணி நீதிமன்றத்தில் இருந்த காலத்திலிருந்தே அவளைத் தெரிந்தவர்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா அவரு குரல் பதிஞ்ச கேசட் நம்ம கையில இல்ல. நேத்து நிப்பாட்ட மறந்துட்டேன்னு அவரு இன்னிக்கி மாத்திச் சொன்னா நான் என்ன செய்யறது? மேடை காலியா இருந்துச்சுன்னு ஒரே ஒரு ஆளு சொல்லட்டும், இப்பவே அந்தப் பொண்ணை விடறேன். யாரு சொல்வா? எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு இல்ல இருந்தாங்க?"

குணபூசணி பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். தம்புசாமியின் மூக்குக் கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது. கண்ணை மூடியிருந்த நாகையா, முன்வரிசையில் ஒருவர் தூங்குவதை எதைக் கொண்டு பார்த்தார்?

அவள் நேராகச் சிங்கப்பூர் தம்புசாமியிடம் போய், நீங்கள் நேற்று உரையின்போது தூங்கியதாகச் சொல்கிறார்களே என்றாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தான் ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்ததாகவும், நாகையாதான் பையிலிருந்து முறுக்கை எடுத்து ஒவ்வொன்றாக நொறுக்கிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். பினாங்கு பேராசிரியர் உரை முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் சேர்த்துக்கொண்டார். பினாங்குக்காரரைக் கேட்டால், அவர் இன்னும் இரண்டு பேரைக் காட்டிக்கொடுத்தார். அடுத்தவர் கண்ணைத் திறந்தார் என்று சொல்ல வேண்டுமானால் தான் முதலில் திறந்திருக்க வேண்டும் என்பது அந்த அறிவாளிகளில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"அப்ப மேடையில என்ன பார்த்தீங்க?" என்று அவள் கேட்டவுடன்தான் முகங்கள் மூடிக்கொண்டன.

ஒருவர், பார்த்தல் என்றால் என்ன என்பதை முதலில் வரையறுக்க வேண்டும் என்றார். இன்னொருவர், மங்கிய வெளிச்சத்தில் கயிறு பாம்பாகத் தெரியும், காலி இடமும் அப்படித்தான் என்றார். மூன்றாமவர், ஒன்றைக் காணவில்லை என்பதால் அது இல்லை என்றாகிவிடாது என்று பாடம் நடத்தினார். நாகையா மட்டும் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் மனிதராகப் பேசினார். "அதுவும் வாதத்திலே ஒரு பகுதின்னு நினைச்சோம்மா. அப்புறம் போலீஸ் வந்துட்டுது. அவர்தானே அடுத்த மாநாட்டுக்கு யாரைக் கூப்பிடறதுன்னு முடிவு பண்றவர்." சொல்லிவிட்டு, தான் எதுவும் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

குணபூசணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோர்ட்டில் அவள் பார்த்த பிக்பாக்கெட்காரன்கூடப் பிடிபட்டால் தலையைக் குனிவான். இவர்கள் பார்த்துவிட்டு, தெரிந்துவிட்டு, ஒரு பெண்ணை லாக்கப்பில் வைத்துவிட்டு, தட்டில் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பயம்கூட இல்லை. ஒரு விமான டிக்கெட், ஒரு சால்வை, அடுத்த வருடம் ஒரு மேடை, அவ்வளவுதான்.

"தனித்தனியா கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "எல்லாரையும் சேர்த்துத்தான் கேக்கணும். வாயால இல்ல. நீங்க பின்படிக்கட்டுல போய் உட்காருங்க."

பக்கிரிசாமிக்கு அவள் வேறு வேலை சொன்னாள். மாநாட்டுப் புகைப்படக்காரர் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பக்கிரிசாமி வாங்கி வைத்துக்கொண்டான். கையில் கிடைத்ததும் எங்கே அமுக்குவது என்று ஒரு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

நிறைவுக் கூட்டத்துக்கு முத்துக்குமாருதான் தலைமை. சிவசம்பு எழுந்து பேசியிருக்க வேண்டிய நேரம் அது. மேடை நடுவில் மாலையோடு உட்கார்ந்திருந்த முத்துக்குமாரு, தத்துவம் மனிதனை எப்படி உயர்த்துகிறது என்று பேசி முடித்தார். செயலாளரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தபடி, குணபூசணி எழுந்து சபைக்கு நடுவே மைக்கை வாங்கினாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியவருக்காக எல்லாரும் ஒரு நிமிடம் பிரார்த்திக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். மாட்டேன் என்று யாரால் சொல்ல முடியும்? விளக்குகள் அப்படியே இருக்கட்டும், கண்ணை மட்டும் மூடிக்கொள்ளுங்கள் என்றாள். நாற்பது பேரும் மூடிக்கொண்டார்கள். கண் மூடுவதில் நல்ல பயிற்சி உள்ளவர்கள்.

"யாரும் கண்ணைத் திறக்க வேண்டாம்," என்றாள் அவள் மெதுவாக. "ஒரே ஒரு கேள்வி. பேரு வேணாம், பேச வேணாம். நேத்து இதே மாதிரி கண்ணை மூடச் சொன்னப்ப, பாதியில திறந்து பார்த்து, மேடையில ஆள் இல்லாததைப் பார்த்தவங்க கையை மட்டும் தூக்குங்க. பக்கத்துல இருக்கறவருக்குக்கூடத் தெரியப்போறதில்ல. மனச்சாட்சிக்கு ஒரு வழி கொடுங்க, போதும்."

மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கையும் எழவில்லை. இது பலிக்காவிட்டால் குணபூசணியிடம் வேறு சரக்கு இல்லை. நாளைக் காலையில் கோர்ட் வாசலில் அந்தத் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்தாள்.

நாகையாவின் கை எழுந்தது. தோள் உயரத்தில் தயங்கி நின்று, பிறகு முழுதாகப் போனது. அதன்பின் தம்புசாமி. பினாங்குக்காரர். காலையிலிருந்து நாற்காலியைச் சந்தேகப்பட்டவர். ஒருவர் பின் ஒருவராக, பள்ளிக்கூடத்தில் வெளியே போக அனுமதி கேட்கும் பிள்ளைகள் போலக் கையைத் தூக்கினார்கள். யாருக்கும் தெரியாது என்றால் இந்த மனிதர்களுக்கு எவ்வளவு சுலபமாக நேர்மை வந்துவிடுகிறது என்று குணபூசணி பார்த்துக்கொண்டே நின்றாள். தூக்காத கைகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

மேடையில் கண்ணை மூடாமல் இருந்த ஒரே ஆள் முத்துக்குமாரு. கைகள் எழ எழ அவர் முகம் வெளுத்தது. அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சபையையே பார்த்தாள். அவர் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். செருப்புச் சத்தம் கேட்காமல் எழுந்தார். மற்றவர்கள் கண்ணை மூடினால் எழுந்து போகலாம் என்பது நேற்றுப் பலித்த வழி. மனிதர் அதே கதவுக்கே போனார்.

"பக்கிரி," என்றாள் குணபூசணி.

பிளாஷ் வெளிச்சம் மண்டபத்தை அடித்தது. எல்லாரும் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்கள். திறந்தபோது அத்தனை கைகளும் மேலேயே இருந்தன. முதலில் யார் இறக்குவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மேடையைப் பார்த்தார்கள். நாற்காலி காலியாக இருந்தது. பக்கவாட்டுக் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

பின்படிக்கட்டின் மேல்படியில், பொத்தான்கள் கிடந்த இடத்தில், இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் உட்கார்ந்திருந்தார். "கூட்டம் இன்னும் முடியலையே சார்," என்று எழுந்து வழியை மறித்தார். கேசட் முத்துக்குமாருவின் கைப்பையிலேயே இருந்தது. ஒரு நாள் முழுக்க அதை எங்கே வேண்டுமானாலும் வீசியிருக்கலாம். தன் குரலைத் தானே குப்பையில் போட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, சட்டையைப் பிடித்தது மட்டும்தான் தன்னுடைய செயல், விழுந்தது சிவசம்புவின் செயல் என்று விளக்கம் சொன்னார். வெறுமனே சட்டையைப் பிடிக்கப் போகிறவர் முன்கூட்டியே தன் குரலைப் பதிவு பண்ணி எடுத்துக்கொண்டு வருவாரா என்று ஜெயராஜ் திருப்பிக் கேட்டார்.

மண்டபத்தில் வேறு கூத்து. தான் கையைத் தூக்கியது ஒரு பேச்சுக்குத்தான் என்று தம்புசாமி ஆரம்பித்தார். தூக்கிய கை தன்னுடையதுதான் என்பதற்கு என்ன நிச்சயம் என்று இன்னொருவர் கேட்டார்.

"போட்டோ கழுவினா தெரிஞ்சுடும் அண்ணே," என்றான் பக்கிரிசாமி. "மோதிரத்தோட விழுந்திருக்கு."

அதன்பிறகு வாக்குமூலம் கொடுக்க ஒவ்வொருவராக வரிசையில் நின்றார்கள். சுபாங்கிலிருந்து விமானங்கள் அவர்கள் இல்லாமலே கிளம்பிப் போயின. அவற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மார்க்கிரட்டைப் பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் நிலையத்திலிருந்து வெளியே விட்டார்கள். அவள் அம்மா கட்டிப்பிடித்து அழுது முடிக்கும்வரை குணபூசணி பழைய டட்சன் காரின் மேல் சாய்ந்து காத்திருந்தாள். மார்க்கிரட் கசங்கிய சேலையோடு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் இடுக்கில் இன்னும் காய்ந்த ரத்தம் இருந்தது.

"யாரு ஆன்டி பார்த்தது?" என்று கேட்டாள். "மேடையில அவர் இல்லன்னு யாரு சொன்னாங்க?"

குணபூசணிக்குப் பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அது அவள் தொழில் இல்லை.

"கிட்டத்தட்ட எல்லாரும்தான் பிள்ளை."

"எப்ப பார்த்தாங்க?"

"நேத்தே."

மார்க்கிரட்டைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியபோது அந்த நாற்பது பேரும் மண்டப வாசலில் வரிசையாக நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களை அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

சூழ்நிலையை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு பக்கிரிசாமி அவளுடைய பையை நீட்டினான். மண்டபத்திலிருந்து அவன்தான் எடுத்து வந்திருந்தான். மேலாக அவளுடைய கட்டுரை இருந்தது. அடுத்த வருஷ மாநாட்டில் முதல் கட்டுரையே உன்னுடையதுதான் என்று செயலாளர் சொல்லச் சொன்னதாகச் சொன்னான்.

மார்க்கிரட் தலைப்பை ஒரு தரம் பார்த்தாள். 'செய்யாமல் விடுவதும் ஒரு செயலா?' காகிதங்களை நேராக்கி மறுபடி பைக்குள் வைத்து மூடினாள்.

"இதைப் போய் அவங்களுக்கு எதுக்கு வாசிக்கணும்ண்ணே," என்றாள். "செஞ்சே காட்டிட்டாங்களே."

பக்கிரிசாமி காரின் பின்கதவைத் திறந்து பிடித்தான். மார்க்கிரட் அம்மாவை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள்.

"வீட்டுக்கா பிள்ளை?" என்று குணபூசணி கேட்டாள்.

"இல்ல ஆன்டி. ஆஸ்பத்திரிக்கு. சார் கண்ணைத் திறக்கறப்ப பக்கத்துல யாராவது இருக்கணும்."